இருபது வருஷம் காத்திருக்கும் பணம்

புற்றுநோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, குடும்பத்தில் எப்படி இறங்குகிறது என்று ஆராய ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. கூச்சப்படாமல் கேட்டிருக்கிறார்கள், அதற்கே ஒரு நன்றி.

திருச்சி, கல்லூரி மாணவி: எபிடெமியாலஜியைத் தமிழில் ‘தொற்றுநோயியல்’ என்று போடுகிறார்கள். அப்படியானால் புற்றுநோய் தொற்றுமா?

தொற்றாது. புற்றுநோய் வந்தவரைத் தொட்டுப் பேசுங்கள், கட்டிக்கொள்ளுங்கள், ஒரே தட்டில் சாப்பிடுங்கள். கோளாறு அந்த மொழிபெயர்ப்பில்தான். ஒரு நோய் யாருக்கு, எந்த ஊரில், எந்த வயதில், எந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் துறை எபிடெமியாலஜி. ‘நோய்ப்பரவலியல்’ என்றால் யாருக்கும் பயம் வராது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோய் தொற்றாது, ஆனால் சில புற்றுநோய்களுக்கு வழிவிடும் கிருமிகள் தொற்றும். கருப்பைவாய்க்கு எச்.பி.வி., கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி, இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி.

மதுரை, மருந்துக்கடை உரிமையாளர்: புற்றுநோய் மருந்து லட்சக்கணக்கில் விற்கிறது. அந்தக் கம்பெனிகளே இந்த ஆராய்ச்சிக்கும் பணம் போடாதா?

‘பீடியை விடு’ என்ற அறிவுரையை உங்கள் கடையில் என்ன விலைக்கு விற்பீர்கள்? இந்தத் துறை கண்டுபிடிக்கும் உண்மைகளில் பாதியை அட்டையில் அடைத்து விற்க முடியாது. அதனால் அரசும் அறக்கட்டளைகளும்தான் கைகொடுக்க வேண்டும். 1952இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சுமார் 1,88,000 ஆண்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதி, யார் எதனால் இறக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்தது. அந்த விவரங்களைத் திரட்டியவர்கள் 22,000 தன்னார்வலர்கள்.

விற்கக்கூடிய பொருள் கிடைக்கும் என்று தெரிந்தபோதும் கம்பெனிகள் தயங்கிய கதை உண்டு. எச்.பி.வி.யையும் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசன், 1980களில் தடுப்பூசி செய்யலாம் என்று மருந்து நிறுவனத்தை அணுகினார். சந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிக்குச் சந்தையும் கிடைத்தது.

ஹூஸ்டன், முதுமுனைவர் ஆய்வாளர்: அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ‘புற்றுநோய் நோய்ப்பரவலியல், மரபியல் பிரிவு’ என்றே ஒன்று இருக்கிறதே. என் திட்டத்தை நேராக அங்கே அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள், அது தவறான கதவு. பெயரைப் பார்த்து நிறையப் பேர் அதைத் தட்டுகிறார்கள். நீங்கள் சொல்லும் பிரிவு, டி.சி.இ.ஜி., நிறுவனத்தின் உள்வீடு. அங்கே சம்பளத்துக்கு இருக்கும் விஞ்ஞானிகள் அங்கேயே ஆராய்ச்சி செய்கிறார்கள். வெளியாருக்கு அது கிராண்ட் வழங்குவதில்லை. வேலைக்கும் பயிற்சிக்கும் ஆள் எடுக்கிறது, ஃபெலோஷிப் தருகிறது. உங்களுக்கு அது வேண்டுமானால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.

வெளிப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் சொந்தத் திட்டத்துக்குப் பணம் கேட்க, அதே நிறுவனத்தில் ‘நோய்ப்பரவலியல், ஜீனோமிக்ஸ் ஆய்வுத் திட்டம்’ என்று வேறொரு பிரிவு இருக்கிறது. சுருக்கமாக இ.ஜி.ஆர்.பி. அங்கே உங்கள் தலைப்புக்குப் பொறுப்பான திட்ட அதிகாரி ஒருவர் இருப்பார். ஒரு பக்கச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பி, அரை மணி நேரம் பேச நேரம் கேளுங்கள். உங்கள் திட்டம் எந்த அறிவிப்புக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அவர் சொல்வார். அது அவருடைய வேலை, உங்களுக்குச் செய்யும் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். நம் பிள்ளைகள் பலர் அந்த மின்னஞ்சலை அனுப்பவே கூச்சப்பட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

பாஸ்டன், உதவிப் பேராசிரியர்: அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) தரும் கிராண்ட் வகைகள் ஆர்-01, ஆர்-21, ஆர்-03. முதலில் எதைக் கேட்பது?

கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யாரோ ஏற்கெனவே திரட்டி வைத்த தரவை அலசப்போகிறீர்கள் என்றால் ஆர்-03 போதும். வருடத்துக்கு 50,000 டாலர், இரண்டு வருடம். புது முறையைச் சோதிக்கவோ, நடக்குமா நடக்காதா என்று பார்க்கவோ ஆர்-21. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 2,75,000 டாலர். முழு வீடு கட்ட ஆர்-01, ஐந்து வருடம் வரை. வருடச் செலவு 2,50,000 டாலருக்குள் இருந்தால் வரவுசெலவை விரித்து எழுதாமல் கட்டுக்கட்டாகக் கேட்கலாம். ஏதேனும் ஒரு வருடத்தில் 5,00,000 டாலரைத் தொட்டால், விண்ணப்பம் போடுவதற்கு ஆறு வாரம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். நோய்ப்பரவலியல் ஆட்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்து, உறைநிலையில் வைத்து, மரபணு வரிசை பார்த்தால் செலவு அந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

புதிய ஆர்-01க்கு வழக்கமான கடைசித் தேதிகள் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. ஆய்வு உத்திக்கு ஆர்-01இல் 12 பக்கம், மற்ற இரண்டிலும் 6 பக்கம். ஆனால் தேதியை நம்பி எழுதத் தொடங்கும் முன், நீங்கள் குறிவைத்திருக்கும் அறிவிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவர்களின் தளத்தில் பார்த்துவிடுங்கள். அண்மைக் காலத்தில் அறிவிப்புகள் வேகமாக மாறுகின்றன.

சியாட்டில், ஆய்வாளர்: விசாவில்தான் இருக்கிறேன். முதுமுனைவர் ஆய்விலிருந்து தனி ஆய்வாளராக மாற உதவும் கே-99 கிராண்ட் கேட்கலாமா?

கேட்கலாம். குடியுரிமை தேவையில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது, காலண்டரைப் பாருங்கள்.

நியூ ஜெர்சி, ஆய்வாளரின் அப்பா: என் மகள் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியது நிராகரிக்கப்பட்டுவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் என்ன சொல்வது?

முதலில் சாப்பிட வையுங்கள். பிறகு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2023இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆர்-01 விண்ணப்பங்களுக்கு வைத்த கோடு 12ஆவது சதமானம். மதிப்பீட்டில் ஏறத்தாழ முதல் 12 விழுக்காட்டுக்குள் வந்தவற்றுக்குத்தான் பணம் உறுதியானது. ஆராய்ச்சி வாழ்வைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்தி 17. பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருந்து, இதுவரை பெரிய கிராண்ட் எதுவும் வாங்காதவர்கள் இந்தச் சலுகைக்கு உரியவர்களாக இருந்தார்கள். அதாவது மிக நல்ல விண்ணப்பங்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகின்றன. உங்கள் மகளின் திறமையைப் பற்றி அந்தக் கடிதம் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

அதே திட்டத்தைத் திருத்தி 37 மாதங்களுக்குள் ஒருமுறை மறுபடி அனுப்பலாம். மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்பு கையில் கிடைத்ததும், ஒரு வாரம் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபத்தோடு படித்தால் அதில் இருக்கும் நல்ல யோசனை கண்ணில் படாது.

பெங்களூரு, மரபியல் ஆய்வாளர்: கைக்குழந்தை இருக்கிறது. வீட்டில் துணை இல்லை. இந்த நிலையில் கிராண்ட், நேர்காணல் எல்லாம் நடக்கிற காரியமா?

அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் கதையைக் கேளுங்கள். அவரே மேடையில் சொன்னது. 1981. கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், வீட்டில் திருட்டு வேறு நடந்திருந்தது. தன் முதல் பெரிய கிராண்டுக்காக வாஷிங்டன் போய்த் திட்டத்தை விளக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா மனம் நொந்து பாதியிலேயே ஊர் திரும்பக் கிளம்பிவிட்டார். ஆறு வயது நிரம்பாத மகளோடு கிங் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நிற்கிறார். நீண்ட வரிசை. அம்மாவை விமானத்தில் ஏற்றிவிடப் போக வேண்டும், குழந்தையைத் தனியே விட முடியாது. வரிசையில் நின்ற ஒருவர், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் ஜோ டிமாஜியோ. அமெரிக்க பேஸ்பாலில் அவர் பெயருக்கு அந்த நாட்டில் இருக்கும் மரியாதையை, நம் ஊரில் கிரிக்கெட்காரர்களுக்கு இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கிங் வாஷிங்டன் போனார், கிராண்ட் கிடைத்தது.

அந்தப் பணம் எதற்கு? மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக இறங்குகிறது, அதற்கு ஒரு மரபணு இருக்க வேண்டும் என்ற தேடலுக்கு. அவர் இதை 1974இல் தொடங்கினார். புற்றுநோய் போன்ற சிக்கலான நோய்க்கு ஒற்றை மரபணுவா என்று பலர் நம்பவே இல்லை. 23 குடும்பங்களைத் தொடர்ந்து, அந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டினார். அதுதான் பி.ஆர்.சி.ஏ.-1. 1994இல் வேறொரு குழு அதைப் பிரித்தெடுத்தது. நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். இன்று ஒரு பெண் ரத்தப் பரிசோதனை செய்து தன் அபாயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்கிறாள் என்றால், முடிவு தெரியாத ஒரு தேடலுக்கு யாரோ வருடக்கணக்கில் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள்.

உங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தயங்காமல் உதவி கேளுங்கள்.

வேலூர், சமூக மருத்துவத்துறை மருத்துவர்: இந்தியாவில் யாரைக் கேட்பது?

முதல் வாசல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர். அது வெளி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிதி தருகிறது. புற்றுநோய்ப் பதிவேடுகளின் தாய்வீடும் அதுதான். 1981-82இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டுத் திட்டத்தின் முதல் மூன்று ஊர்ப் பதிவேடுகளில் சென்னையும் ஒன்று. அடையாறு புற்றுநோய் நிலையம் அதைச் சுமக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரக்காரர்களுக்கும் தனியாக ஃபெலோஷிப் வைத்திருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் முதலில் அதைப் பாருங்கள். ஆளுக்குத் தரும் பணம், திட்டத்துக்குத் தரும் பணத்தைவிட மூச்சுவிட இடம் கொடுக்கும். அடிப்படை அறிவியல் பக்கம் சாய்ந்த திட்டமானால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம். உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பானால் லண்டனில் இருக்கும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம்.

வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ வந்தால், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும். அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் குறுக்கே வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நான்கு கிராமத் தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு களப்பணி செய்யலாம் என்று திட்டம் போட்டிருந்தால், எழுதும் முன்பே கணக்காளரோடு உட்காருங்கள்.

கோவை, ஆய்வாளர்: அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் தன் கிராண்டில் எங்களுக்கு ஒரு பங்கு எழுதுகிறேன் என்கிறார். நம்பலாமா?

அவரை நம்பலாம், பழைய வழியை நம்ப முடியாது. அமெரிக்க கிராண்டுக்குள் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் துணைப்பங்கு எழுதும் முறையை என்.ஐ.எச். 2025 மே மாதம் நிறுத்திவைத்தது. வெளிநாட்டுக் கூட்டாளிக்கு நேராகப் பணம் போகும் வேறு அமைப்புக்கு மாறுவதாக அறிவித்தது. இன்றைய விதி என்ன என்று அவருடைய பல்கலைக்கழக நிதி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் களப்பணியாளர் யாரையும் வேலைக்கு எடுக்காதீர்கள். மூன்றாம் மாதம் அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

திண்டுக்கல், செவிலியர்: இந்த ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவுக்கு. நம் பக்கத்துக்கு யார் பணம் கொடுத்து என்ன நடந்தது?

அம்மா, உங்கள் மாவட்டத்தில் நடந்தது உலகம் முழுவதும் படிக்கப்படுகிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2000இல் ஒரு ஆய்வைத் தொடங்கின. பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. கேள்வி மிக எளியது. பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் நிபுணரும் இல்லாத ஊரில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தே உயிரைக் காப்பாற்ற முடியுமா? வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். பார்த்தவர்கள் உங்களைப் போலப் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள், பரிசோதனைப் பக்கம் 49,311 பேர், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 30,958 பேர். ஏழு வருடக் கணக்கு 2007இல் ‘லான்செட்’டில் வந்தது. பரிசோதனைப் பக்கத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு, அதனால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைவு. மறுபக்கத்துப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் காத்திருந்தது நியாயமா என்று இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைப் பற்றிக் கடுமையான விவாதம் எழுந்தது. அது எழ வேண்டிய விவாதம்தான். அடுத்த ஆய்வை எழுதுகிறவர் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. 2009இல் எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஒரு ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. 17,000க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2010 ஏப்ரலில், ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றிய சர்ச்சையில், அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது. ஏறத்தாழ 5,000 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டோஸ்தான் போயிருந்தது.

அந்த நிமிடத்தில் கோப்பை மூடிவிட்டு, பணம் கொடுத்தவருக்கு வருத்தக் கடிதம் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மூடவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, திருமணமாகி, வேறு ஊர் போன பிறகும் தேடிப்போய்த் தொடர்ந்தார்கள். பணமும் நிற்கவில்லை. 2021இல் வந்த முடிவு: ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு 95 விழுக்காடு, பத்து வருடம் கழித்தும். இரண்டு, மூன்று போட்டவர்களுக்கு நிகராக. ஆப்பிரிக்காவிலும் கோஸ்டா ரிகாவிலும் கிடைத்த சான்றுகளோடு இதையும் வைத்துப் பார்த்து, ஒரு டோஸ் அட்டவணையை நாடுகள் பயன்படுத்தலாம் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. இருக்கும் ஊசியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைக் காப்பாற்றலாம். இதில் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பணியாளர்களுக்கும் பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், வாசகர்: பல கோடி செலவழித்து ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வந்தால் பணம் வீண்தானே?

உங்கள் கடற்கரையிலிருந்து சற்று வடக்கே கேரளத்தின் கருநாகப்பள்ளிக்குப் போங்கள். அங்கே மணலில் மோனசைட், அதில் தோரியம். இயற்கைக் கதிர்வீச்சு வழக்கத்தைவிட மிக அதிகம். அங்கே வாழ்வதால் புற்றுநோய் கூடுகிறதா என்று திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 70,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்தது. 2009இல் வந்த விடை: கூடியதாகத் தெரியவில்லை. தலைமுறைகளாக அந்த மணலில் வீடு கட்டி வாழ்கிறவர்களுக்கு இந்த ‘ஒன்றும் இல்லை’ எத்தனை பெரிய செய்தி!

பெயர் வேண்டாம், சென்னை: புகையிலை நிறுவனத்தோடு தொடர்புள்ள ஒரு அமைப்பு, நிபந்தனை ஏதுமின்றி ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, மக்களின் உடல்நலமே எங்கள் முதல் அக்கறை என்று சொல்லி ஒரு ஆராய்ச்சிக் குழுவை அமைத்தன. 1998இல் வழக்குகளின் தீர்வாக மூடப்படும்வரை அது விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவர்களில் பலர் நேர்மையானவர்கள், நல்ல ஆராய்ச்சியும் செய்தார்கள். ஆனால் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்று சொல்லிக்கொண்டே சிகரெட் விற்க அந்தப் பெயர்கள் பயன்பட்டன. உங்கள் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள். பல புற்றுநோய் நிதியங்கள் அப்படிப் பணம் வாங்கிய நிறுவனங்களுக்குத் தங்கள் கதவைச் சாத்திவிடும் என்பதும் உண்மை.

சேலம், முனைவர் பட்ட மாணவர்: எனக்கு யாரும் பைசா தரவில்லை. கணினி மட்டும் இருக்கிறது.

கணினி இருந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடான சீயர், 1975 முதலான விவரங்களை ஆய்வாளர்களுக்குத் தருகிறது. ஐந்து லட்சம் பேரைக் கொண்ட பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க், கட்டணத்துக்குத் தருகிறது. ஆனால் அதில் தெற்காசியர் சிறு பகுதிதான். அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுக்களிலிருந்து கணக்கிட்ட அபாய மதிப்பெண்கள் நம் மக்களிடம் அதே அளவு சரியாக வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 10,000 இந்தியர்களின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, 2025 ஜனவரி முதல் ஃபரிதாபாத் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. உங்கள் வழிகாட்டியின் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். ஒரு நல்ல கட்டுரை வந்துவிட்டால், அடுத்த கிராண்ட் விண்ணப்பத்தில் முன்னோட்ட முடிவு என்ற பகுதி காலியாக இருக்காது.

தாம்பரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: மனைவியைப் பறிகொடுத்த என் தம்பி வீட்டுக்கு, புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து என்று ஒருவர் வந்து கேள்வி கேட்டார். இறந்தவரைப் பற்றி ஏன் கிளற வேண்டும் என்று தம்பி அனுப்பிவிட்டான். சரிதானா?

உங்கள் தம்பியின் வலி புரிகிறது. வந்தவர் மறுபடி வருவார். அப்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவருடைய அடையாள அட்டையை முதலில் பாருங்கள். பிறகு அவர் கேட்பது இவ்வளவுதான்: எந்த வயதில், எந்த ஊரில் எத்தனை வருடமாக இருந்தார், எந்த உறுப்பில், எந்த மருத்துவமனையில், எப்போது கண்டுபிடித்தார்கள். பயாப்ஸி அறிக்கை ஒரு நெகிழிப் பையில் பீரோவுக்குள் இருக்கும். அதை எடுத்துக் கொடுங்கள். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள், அன்று அவர் ஏறி இறங்கும் எத்தனையாவது மாடியோ அது.